ஜெர்மனியில் பெரிய நகரங்களை விட்டுவிட்டு, உங்கள் மனதில் நின்ற ஒரு சின்ன கிராமம் எது?

ஷால்கன்மேரன். ரைன்லாந்து-பலத்தினேத் மாநிலத்தில், ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கிறது. மொத்த ஜனமே 600க்குள்தான். ஆனாலும் தனி ஊராட்சி. சொந்த மன்றமும், கௌரவப் பொறுப்பில் இருக்கும் தலைவரும் உண்டு. நிர்வாகக் காகித வேலைகளை மட்டும் பக்கத்து ஊரான டாவுனில் பார்க்கிறார்கள்.

நான் டாவுனில் இருந்து சைக்கிளில் போனேன். முன்பு ரயில் ஓடிய தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ரயில் தடத்தில் செங்குத்தான ஏற்றம் இருக்காது; மலைநாடு என்றாலும் அதனால்தான் மூச்சு வாங்கவில்லை.

ஊரை ஒட்டியே வட்டமாக ஓர் ஏரி. இதை 'மார்' என்கிறார்கள். பூமிக்கடியில் இருந்து ஏறி வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும், நீராவி வெடித்துத் தரையைக் குடைந்த குழி. பிறகு அதில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஐஃபெல் மக்கள் பேச்சில் இருந்த இந்தச் சொல்லைத்தான் உலகம் முழுக்க எரிமலை ஆய்வாளர்கள் இன்று எழுதுகிறார்கள். ஊரில் நெசவுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது. 1920களில் அன்னா ட்ரோஸ்டே-லேனர்ட் என்ற பள்ளி ஆசிரியை, ஊர்ப் பெண்களுக்கு வருமானம் வேண்டுமென்று தறி போட வைத்தார். அந்தத் துணிக்கும் 'மார்த்துணி' என்றே பெயர்.

ஊருக்கு மேலே ஒரு மேடு ஏறினால் இன்னொரு மார். ஆழம் 51 மீட்டர். இதன் நீர்மட்டம் கீழே இருக்கும் ஏரியைவிட 60 மீட்டருக்கும் மேல் உயரம். உள்ளே வரும் ஓடையும் இல்லை, வெளியே போகும் ஓடையும் இல்லை. கீழ் ஏரியில் பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள்; இங்கே நீந்தத் தடை.

இதன் கரையில் வைன்ஃபெல்ட் என்று ஓர் ஊர் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து ஊரே போய்விட்டது. தேவாலயம் மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தால் ஏரிக்கே 'டோட்டன்மார்' என்று பெயர். இறந்தவர்களின் மார் என்று அர்த்தம். ஷால்கன்மேரன் மக்கள் இன்றும் தங்கள் மனிதர்களை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்கிறார்கள். இல்லாமல் போன ஊரின் இடுகாட்டை நானூறு வருஷத்துக்கு மேலாக இன்னோர் ஊர் காத்துவருகிறது. எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது இதற்காகத்தான்.

நான் போன அன்று ஒரு பாட்டி பூவாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு கல்லறையின் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியைத் தூக்கிக் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "காலையில ஜன்னலைத் திறந்தா கீழ் மார் தெரியும். அவரைப் பார்க்க வந்தா மேல் மார்" என்றார். கல்லில் கணவர் பெயருக்குக் கீழே அவருடைய பெயரும் பிறந்த வருஷமும் ஏற்கெனவே செதுக்கியிருந்தன. மீதித் தண்ணீரைப் பக்கத்துக் கல்லறைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாளியைக் குழாயடிக் கொக்கியில் மாட்டினார்.