ஆச்சி, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்

போன வாரம் காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி போனில் கூப்பிட்டார்கள். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார், முன்பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. "படம் போட்டுப் பிழைக்க முடியுமா?" என்று அழுதார்கள். முதலில் ஆறுதல்தான் சொன்னேன். நாலு வருஷத்துக்கு ஆறு லட்சம், பாதி நகையை அடகு வைத்து என்று அவர்கள் சொன்னதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

ஆச்சி, கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான பிள்ளையைக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் படிக்க வைக்காதீர்கள். பெரியப்பா நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. லட்சக்கணக்கில் கேட்கும் அனிமேஷன் டிப்ளமோவும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய நோட்டுப் படங்களைப் பார்த்தேன். வீட்டு வளவுத் தூண், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ, திண்ணையில் தூங்கும் ஐயா. நிழல் எந்தப் பக்கம் விழும் என்று யாரும் சொல்லித் தராமலே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

எழும்பூர் ஓவியக் கல்லூரியை எல்லோருக்கும் தெரியும், 1850ல் தொடங்கியது, அங்கேயும் விண்ணப்பம் போடுங்கள். நான் சொல்ல வருவது நம் பக்கத்து ஆட்கள் நினைத்தே பார்க்காத கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகப் போனால் அரை நாள் பயணம். நாலு வருஷ பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலைப் பட்டம், அரசுக் கல்லூரிக் கட்டணம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், பெயிண்டுக்கும் பிரஷுக்கும் ஆகட்டும். பக்கத்திலேயே சுவாமிமலையில் வெண்கலம் வார்க்கிறார்கள், தஞ்சாவூரில் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டி, மக்குப் பசை ஏற்றி, தங்க ரேக்கு என்னும் மெல்லிய தகடு பதிக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் போய் உட்கார்ந்து பார்க்கலாம், கை பழகினால் லீவு நாளில் கூலிக்கு வேலையும் செய்யலாம்.

சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டும். போட்டோவைப் பார்த்துக் காப்பியடித்த சாமி படமெல்லாம் அங்கே உதவாது. இன்றிலிருந்து தினமும் இருபது ஸ்கெட்ச், ஒன்றுக்கு ஐந்து நிமிஷம்: சந்தையில் ஆட்கள், செம்பு, மடித்துப் போட்ட கண்டாங்கிச் சேலை. ஒருநாள் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகைக்குக் கூட்டிப்போய் விதானத்தில் வரைந்த பழைய தாமரைக் குளத்தைக் காட்டுங்கள், நம் மண்ணில் எவ்வளவு காலமாக வரைகிறார்கள் என்று பார்க்கட்டும்.

சரி, பிழைப்பு. படம் விற்று மட்டும் முதல் சில வருஷம் ஓடாது, அதை மறைக்க மாட்டேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களே மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் காலூன்றினார்கள். உங்கள் மகளுக்கு வாத்தியார் வேலை அந்தத் துணியாக இருக்கும். கேந்திரிய வித்யாலயாவில் ஓவிய ஆசிரியர் பணியிடம் உண்டு. கல்லூரியில் சொல்லித்தர ஆசைப்பட்டால் இன்னும் இரண்டு வருஷம் எம்.எஃப்.ஏ. என்னும் மேற்படிப்பு, கூடவே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, அதில் காட்சிக் கலைக்குத் தனித் தாளே இருக்கிறது. ஆனால் பகுதிநேர வேலையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 2012ல் அரசுப் பள்ளிகளில் எடுத்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில்தான் தொடங்கினார்கள். அதைவிடச் சனி ஞாயிறு உங்கள் முகப்பிலேயே பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம்.

வாத்தியாரானதும் பலர் பிரஷைக் கீழே வைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு இரண்டு வருஷ உதவித்தொகை தருகிறது, சென்னையில் லலித் கலா அகாடமி என்னும் மத்திய அரசுக் கலை அமைப்பில் படம் போட ஸ்டுடியோ இருக்கிறது. நாலாம் வருஷமே இரண்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேச விடாதீர்கள். இன்று ராத்திரி அவளைச் சாப்பிட வைத்து, ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு என்னிடம் கூட்டி வாருங்கள்.