வெந்நீர் நிலத்தில் புவிநடுக்க அலை ஏன் பலமிழக்கிறது? கன்னியாவுக்குக் கீழே எரிமலை இருக்கிறதா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வந்த கையோடு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. முதலில் பயத்தை விடுங்கள், அங்கே எரிமலை இல்லை. மழைநீர் பழைய பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கிலோமீட்டருக்கு 25, 30 பாகை கூடுவது பூமியின் இயல்பு.

அம்மப்பா செத்தபின் செய்த அந்தியேட்டிச் சடங்குக்கு அங்கே போனபோது எனக்கு ஒன்பது வயது. மாமா வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். ஒரு கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பு, பக்கத்துக் கிணறு சுள்ளென்றது. அன்றைக்கு மனதில் விழுந்ததை உயர்தரம் படிக்கும்போது பௌதிகவியல் ரியூசனில் கேட்டேன்: சுடுநீர் நிரம்பிய பாறைக்குள்ளால் புவிநடுக்க அலை எப்படிப் போகும்? "சோதினைக்கு வராததைக் கேட்டு மற்றப் பிள்ளையளின்ரை நேரத்தை வீணாக்காதை" என்றார் ஆசிரியர். இருபது வருடமாகியும் அது ஆறவில்லை.

விடை அம்மம்மாவின் கையில் இருந்தது. பொங்கலுக்குப் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோவா. நல்ல பானை ணங்கென்று இழுத்து ஒலிக்கும். கீறல் விழுந்தது 'டொக்' என்று அந்த இடத்திலேயே அடங்கிவிடும். "இது வேண்டாம், வேறை எடு தம்பி" என்பா.

பாறையும் அப்படித்தான். அலை வந்து அமுக்க, வெடிப்புகளுக்குள் கிடக்கும் நீர் இங்கும் அங்கும் பிதுங்கி ஓடுகிறது. அந்த உரசலில் அலையின் சக்தி வெப்பமாகிப் போய்விடும். பாதி நீர், பாதி நீராவி என்றிருந்தால் இழப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் நீராவி எளிதில் அமுங்கி நீருக்கு ஓட இடம் கொடுக்கிறது. மிச்சத்திலும் ஒரு பங்கை வெடிப்புகள் நாலாபக்கமும் சிதறடிக்கும்.

இதை அளப்பது தரக்காரணி என்ற எண், அது கூடக்கூட இழப்புக் குறைவு. அது 500 உள்ள கெட்டிப் பாறையில் பத்து அதிர்வு கழிந்தும் சக்தியில் ஏறத்தாழ 88 சதவீதம் மிஞ்சும். 50 என்றால் 28 சதவீதம்தான். அதே தூரத்துக்குள் வேகமான அதிர்வு கூடுதலான தடவை ஆடுவதால் அதுதான் முதலில் சாகும், மெதுவானது தப்பிப் போகும்.

பாறையைக் குறுக்கே ஆட்டிக்கொண்டு போகும் குறுக்கலைக்குத் திரவத்துக்குள் வழியே கிடையாது. ஐஸ்லாந்தின் கிராஃப்லா எரிமலையில் 1970களில் அந்த அலை வந்து சேராத நிழலை வைத்துத்தான் அடியில் உருகிய பாறை கிடப்பதைக் கண்டார்கள். 2009இல் அங்கே துளையிட்டபோது ஏறத்தாழ 2.1 கிலோமீட்டரில் உருகிய பாறையே துளைக்குள் வந்தது. அலை மெலிவதை நட்டம் என்று பார்க்காதீர்கள், தட்டிப் பார்த்த பானை சொல்லும் பதில் அது.

பானை உவமை முழுக்கப் பொருந்தாது என்று பௌதிகவியல் படித்தவர்கள் வருவீர்கள். தெரியும், பானை ஓரிடத்தில் நின்று ஒலிக்கிறது, அலை பயணிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அதிர்வுக்கும் சக்தி தேய்கிற கணக்கு ஒன்றுதான்.

இன்னொன்று. நான் 'புவிநடுக்கம்', 'பௌதிகவியல்' என்று எழுதும்போதெல்லாம் 'நிலநடுக்கம்', 'இயற்பியல்' என்று திருத்த யாராவது வந்துவிடுகிறார்கள். இலங்கையில் எங்கள் பாடப்புத்தகம் முழுக்க இந்தச் சொற்கள்தான். இவற்றில்தான் படித்தோம், இவற்றில்தான் சோதினை எழுதினோம். தயவுசெய்து எங்கள் தமிழைப் பிழை என்று சொல்லாதீர்கள்.