தோமையார் இறந்தது ஈட்டியாலா, அம்பாலா? – கேள்வி பதில்

சாந்தோம், பரங்கிமலை வரலாறு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரின் சாவைப் பற்றித்தான். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

தூத்துக்குடி வாசகர்: ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்று ஞாயிறு வகுப்பில் சொன்னார்கள் அண்ணா. பைபிளில் தேடினேன், காணோம்.

பைபிளில் இருக்காது தம்பி. அது ‘தோமாவின் நடபடிகள்’ என்ற நூலில் வருகிறது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெஸ்ஸா பக்கம், அதாவது இன்றைய துருக்கியின் உர்ஃபா வட்டாரத்தில், சிரியாக் மொழியில் எழுந்த நூல். கதை இப்படிப் போகும்: மஸ்தாய் என்ற அரசனின் உறவினர் மனைவி மிக்தோனியா. தோமாவின் பேச்சைக் கேட்டு, இனி தாம்பத்தியமே வேண்டாம் என்று கணவனை விட்டு ஒதுங்கிவிடுகிறாள். சமாதானம் பேசப் போன அரசியும் அதே வழியில் போய்விடுகிறாள்! அரசனுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? ஆனால் ஊருக்குள் வைத்துக் கொல்ல அவனுக்குப் பயம், மக்களில் பலர் தோமா பக்கம். ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். ஜெபம் செய்ய நேரம் கொடுக்கிறார்கள். முடிந்ததும் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள்.

தாம்பரம் வாசகர்: அந்த மலைதான் நம் பரங்கிமலையா?

நூலில் மலைக்குப் பெயரே இல்லை. மயிலாப்பூர் என்றும் இல்லை. மஸ்தாய் என்பது பாரசீகச் சாயல் உள்ள பெயர். அதே நூலில் வரும் இன்னொரு அரசன் குந்தபோரஸ் மட்டும் நிஜ ஆள். 1ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியை ஆண்டவன், அவன் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே இந்த நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பரங்கிமலைக்கு வந்து சேர முடியாது.

மதுரை வாசகர்: மயில் வேட்டையில் தவறுதலாக அம்பு பட்டு இறந்தார் என்றும் படித்தேனே?

அது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதி வைத்தது. தோமையார் குடிலுக்கு வெளியே, மயில்கள் சூழ, ஜெபத்தில் இருந்தாராம். மயிலுக்குக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு அவர் விலாவில் பாய்ந்ததாம். அவர் அங்கே இருந்ததே அவனுக்குத் தெரியாது. அதாவது இந்தக் கதையில் கொலைகாரனே கிடையாது. கதை மயிலைத் தேடிப் போனதற்கு மயிலாப்பூர் என்ற ஊர்ப் பெயரே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மார்க்கோ போலோ சொல்லும் இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் அள்ளிக்கொண்டு போய், தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். இப்போது பழைய நூலுக்குத் திரும்புங்கள். அரசனின் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. கல்லறையைத் திறந்தால் எலும்பைக் காணோம், ஏற்கெனவே மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்த மண்ணை எடுத்து மகன்மேல் வைக்க, குணமாகிவிடுகிறான். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள். சாவு ஈட்டியிலிருந்து அம்புக்கு மாறிவிட்டது, மண் மட்டும் மாறவே இல்லை.

நாகர்கோவில் வாசகர்: பிராமணர்கள் கொன்றார்கள் என்கிறார்களே, உண்மையா?

கேரளத்து ரம்பான் பாட்டு போன்ற பிற்கால மரபுகளில் அப்படி வருகிறது. மேலே சொன்ன பழைய நூலில் கொன்றது அரசனின் வீரர்கள், மார்க்கோ போலோவில் விபத்து. பழையது கையில் இருக்கும்போது, பிந்தியதை வைத்து ஒரு சமூகத்தின்மேல் பழி போடுவது சரியில்லை என்பேன்.

இதைவிட உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடிய ஒன்று உண்டு. 2ஆம் நூற்றாண்டில் ஹெராக்ளியோன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், அதிகாரிகள் முன் நின்று சாட்சி சொல்லி உயிர்விடாதவர்கள் என்று சிலரைப் பட்டியலிடுகிறார். மத்தேயு, பிலிப்பு ஆகியோருடன் தோமாவும் அதில் இருக்கிறார். ‘தோமாவின் நடபடிகள்’ நூலுக்கும் முந்திய குறிப்பு இது!

பெண் வாசகர், திருச்சி: அப்படியானால் எலும்புகள் இப்போது எங்கே?

4ஆம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் இருந்தன. அந்தக் காலத்துச் சிரியாக் கவிஞரான புனித எஃப்ரேம் தன் பாட்டில் சாத்தானையே புலம்ப விடுகிறார்: இந்தியாவில் நான் கொன்ற ஆள் எனக்கு முன்னால் இங்கே வந்துவிட்டானே என்று. பிறகு கிரேக்கத்தின் கியோஸ் தீவு, அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா. சாந்தோமில் கல்லறையும் சில திருப்பண்டங்களும் உண்டு. போர்ச்சுகீசியர் 1523இல் அந்தக் கல்லறையைத் தோண்டினார்கள்.

வேலூர் வாசகர்: திருநாள் ஜூலை 3ஆ, டிசம்பர் 21ஆ?

கத்தோலிக்கருக்கு ஜூலை 3. 1969 நாட்காட்டி மாற்றத்துக்கு முன் டிசம்பர் 21.

ஆவடி வாசகர்: மலைமேல் உள்ள கல் சிலுவையை அவரே செதுக்கினாராமே? அதைக் கட்டிப்பிடித்தபடி உயிர்விட்டார் என்று பாட்டி சொல்வார்.

பாட்டி மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் சொல்லும். 1547இல் மலைமேல் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது அது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அதில் இரத்தம் வியர்த்ததாகச் சொல்வார்கள். ஆனால் சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்துகள் பஹ்லவி, பழைய பாரசீக எழுத்து. அறிஞர்கள் பலர் 7, 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். பாரசீகக் கிறிஸ்தவர்கள் செய்த வேலை. அடுத்த முறை மலை ஏறும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள். பூசை முடிந்தபின் பீடத்துப் பக்கம் பார்த்தால் சிலுவைக்கு மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குவது தெரியும். எழுத்துகள் சிலுவையைச் சுற்றித்தான் இருக்கின்றன.