ஒருவர்கூட சாகவில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலகப் பயிற்சி வகுப்பில் ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தைப் பற்றிச் சொன்னார்கள். கப்பல் நொறுங்கியும் ஒருவரைக்கூட சாகவிடாத தலைவராம். எனக்கு டீம் லீடர் பதவி தருகிறார்கள். தலைமைப் பண்பை எப்படி வளர்த்துக்கொள்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதவியை வாங்கிக்கொள்ளுங்கள், சம்பளம் கூடும். மற்றதெல்லாம் தானாக வரும், வராமலும் போகும்.

ஆனால் "ஒருவரைக்கூட சாகவிடாத" என்பதைப் படித்ததும் கோபம் வந்தது. பயிற்சி தந்தவர் மேல்தான். சரி, கொஞ்சம் உங்கள் மேலும். கையில் போன் இருக்கிறது, இரண்டு நிமிடம் தேடியிருக்கக் கூடாதா?

அந்தப் பயணத்துக்கு இரண்டு கப்பல்கள். நொறுங்கியது எண்டூரன்ஸ். கண்டத்தின் மறுபக்கம், ராஸ் கடலில், அரோரா நின்றது. ஷாக்கிள்டன் கண்டத்தைக் கடந்து வரும் வழியில் உணவு வைத்துவிட்டு வருவது அதில் போனவர்களின் வேலை. 1915 மே 6 அன்று புயலில் வடங்கள் அறுந்து, சுற்றியிருந்த பனியோடு கப்பலும் கரையை விட்டு அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையில் பத்துப் பேர், கேப்டன் மாக்கின்டோஷ் உட்பட. அவர்களுடைய துணிமணியும் எரிபொருளும் பெரும்பாலும் கப்பலிலேயே போய்விட்டன. கப்பலில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் இனி முதல் அதிகாரி ஜோசப் ஸ்டென்ஹவுஸ்தான் பொறுப்பு. வயது 27.

என் பெரியப்பா சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர், கேப்டன் ஆகாமலே ஓய்வு பெற்றவர். விடிகாலை நான்கிலிருந்து எட்டு அவர் வாட்ச், அதாவது கப்பலைக் கவனிக்கும் முறை. ஊரோடு வந்த பிறகும் நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். காற்றடித்தால் மொட்டைமாடிக்குப் போய் இருட்டில் நிற்பார். பெரியம்மா கூப்பிட்டால், "இரு, காத்து திசை மாறுது" என்பார். அரோராவைப் பற்றிப் படிக்கும்போது ஸ்டென்ஹவுஸுக்கு அவர் முகத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

பத்து மாதம் பனியில் சிக்கி மிதந்தார்கள். சுக்கான் உடைந்தது. இருந்ததை வைத்து வேறொன்று செய்து, 1916 ஏப்ரல் 3 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். கரையிலிருந்தவர்களை மீட்க அதே அரோராவைச் சரிசெய்தபோது, ஸ்டென்ஹவுஸை இறக்கிவிட்டு ஜான் கிங் டேவிஸைக் கேப்டனாகப் போட்டார்கள். டேவிஸ் நல்ல மாலுமி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலைத் திரும்பக் கொண்டுவந்தவனை இப்படியா நடத்துவது?

1917 ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஏழு பேர்தான். ஒருவர் ஸ்கர்வியில், வைட்டமின் சி குறைவால் வரும் நோயில், இறந்திருந்தார். மாக்கின்டோஷும் இன்னொருவரும் மெல்லிய கடற்பனி மேல் நடந்து போனவர்கள், திரும்பவில்லை. உணவையெல்லாம் சொன்னபடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். எடுக்க யாரும் வரவில்லை.

அடுத்த வகுப்பு எப்போது? இந்த மூன்று பேரைப் பற்றிக் கேளுங்கள். பயிற்சி தந்தவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.