வழக்கு நிலுவையில் இருப்பதை மருத்துவமனை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். குடும்பத் தகராறில் உறவினர் கொடுத்த புகாரில் என் பெயரையும் சேர்த்து, இப்போது குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. இதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டுமா? வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் குற்றம் சாட்டப்படுவது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு. வழக்கில் நாளை நீங்கள் விடுதலையாகலாம். ஆனால் வழக்கை மறைத்ததற்காக எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை, அந்த விடுதலையோடு தானாகக் கழிந்துபோகாது.

செவிலியராக நீங்கள் எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் விடை மாறும். பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதி, குற்றச்சாட்டு வந்த கட்டத்திலேயே கவுன்சிலிடமும் வேலை தருபவரிடமும் கூடிய சீக்கிரம் சொல்லச் சொல்கிறது. தீர்ப்பு வரட்டும் என்று அங்கே காத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டால், 7 நாளுக்குள் உங்கள் துறைக்கான வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கைது, நிலுவை வழக்கு பற்றி வேலை தருபவரிடம் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்; அதே சமயம், படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைச் சொன்னால் போதும்.

அதனால் முதலில் பணி ஒப்பந்தத்தையும் மருத்துவமனையின் பணி விதிகளையும் எடுத்துப் படியுங்கள். ‘கைது’, ‘குற்றச்சாட்டு’, ‘தண்டனை’ இவற்றில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். தண்டனை பெற்றால் மட்டும் சொல்லச் சொல்லியிருந்தால், அந்த விதிப்படி இப்போதைக்குக் கடமை இல்லை. ‘நிலுவையில் வழக்கு உண்டா?’ என்ற கட்டம் எந்தப் படிவத்திலாவது வந்தால், ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

விதி எதுவும் கேட்காவிட்டாலும் சில நேரம் நீங்களாகவே சொல்வதுதான் நல்லது. மருந்துத் திருட்டு, நோயாளியையோ குழந்தையையோ தாக்கியது போன்ற குற்றச்சாட்டு நேரடியாக வேலையைத் தொடுகிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் அப்படித்தான். ஜாமீன் நிபந்தனையையும் கவனியுங்கள். வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் ஷிஃப்ட் இடிக்கும். எப்படியும் காரணம் கேட்பார்கள்.

சொல்வது என்று முடிவெடுத்தால், முதலில் வக்கீலிடம் பேசிவிடுங்கள். அப்புறம் மனிதவளப் பிரிவுக்கோ நர்சிங் கண்காணிப்பாளருக்கோ சுருக்கமாக ஒரு கடிதம்: ‘இன்ன சட்டப் பிரிவில், இன்ன நீதிமன்றத்தில் என்மீது வழக்கு உள்ளது. குற்றச்சாட்டை மறுத்திருக்கிறேன். அடுத்த விசாரணை இன்ன தேதி.’ அவ்வளவு போதும். சண்டை எப்படி ஆரம்பித்தது, யார் முதலில் கை ஓங்கினார் என்றெல்லாம் எழுத வேண்டாம். மனம் பாரமாக இருக்கும்போது கொட்டிவிடத்தான் தோன்றும். ஆனால் நீங்கள் கைப்பட எழுதியது நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கலாம். வார்டு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். புகார் கொடுத்த உறவினர் உங்கள் மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்றிருந்தால், காயம் எப்படி என்று பார்க்கக்கூட அவருடைய மருத்துவப் பதிவைத் திறக்காதீர்கள். கணினியில் யார், எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகும். வழக்கு ஒன்றுமில்லாமல் போனாலும், அந்த ஒரு காரணத்துக்காகவே வேலை போகலாம்.

கடிதம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு தள்ளுபடியானாலோ விடுதலை கிடைத்தாலோ, நீதிமன்ற உத்தரவின் நகலை அதே ஆட்களுக்கு அனுப்பி, உங்கள் பணிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.