துறவிகளுக்குப் பின் உழவர்கள்: கிளீவ் மடம் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், வாஷ்ஃபோர்டு கிராமத்தை ஒட்டி இருக்கிறது கிளீவ் அபே. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையினர் அமைத்த மடம். அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல் மூடப்பட்டது. பிற்காலத்தில் பண்ணையாக மாறியது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சார், போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். தேவாலயம் தரைமட்டமாகக் கிடக்கிறது. சாப்பாட்டுக்கூடமும் படுக்கைக்கூடமும் மட்டும் எப்படிக் கூரையோடு நிற்கின்றன?

பிழைப்புதான் காரணம். மடம் கைமாறியபோது அவ்வளவு பெரிய தேவாலயம் புது உரிமையாளருக்கு எதற்கும் உதவாது. கூரையின் ஈயத்துக்கும் சுவரின் கல்லுக்கும்தான் விலை. ஈயத்தை உரித்துவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். படுக்கைக்கூடம் அப்படியில்லை, உள்ளே தானியமும் வைக்கோலும் போடலாம். ஒழுகினால் நட்டம் என்பதால் யாராவது ஏறிக் கூரையைச் சரிபார்த்தார்கள். மடத்தைக் கட்டியவர்களைப் புகழ்கிறோம், சரி. அதை இன்றுவரை நிற்கவைத்த உழவர்களுக்கும் அதே அளவு நன்றி சொல்ல வேண்டும் என்பேன்.

நான் கட்டடக்கலை மாணவி. சிஸ்டர்சியன் மடங்களில் சாப்பாட்டுக்கூடம் முற்றத்துக்குச் செங்குத்தாக, தெற்கே நீண்டிருக்கும் என்று படித்தேன். கிளீவில் முற்றத்தை ஒட்டி, அதுவும் மாடியில் இருக்கிறதே. பண்ணைக்காரர்கள் மாற்றினார்களா?

இல்லை, துறவிகளே மாற்றியதுதான். 13ஆம் நூற்றாண்டுக் கூடம் நீங்கள் படித்தபடியே வடக்குத் தெற்காக இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் டேவிட் ஜூய்னர் என்ற மடாதிபதி அதை அகற்றிவிட்டுக் கீழே தங்கும் அறைகள், மேலே கூடம் என்று புதிதாகக் கட்டினார். மாடிக்கு ஏறியதும் அண்ணாந்து பாருங்கள். வளைந்த மர விட்டங்களுக்கு இடையே செதுக்கிய தேவதைகள் வரிசையாக நிற்கும்.

அப்புறம், பழைய கூடம் போனாலும் அதன் தரை போகவில்லை. மண்ணுக்கடியில் அப்படியே கிடந்து 19ஆம் நூற்றாண்டு அகழ்வில் வெளியே வந்தது. சிவந்த களிமண் ஓட்டில் அச்சால் பள்ளம் பதித்து, அதில் வெள்ளைக் களிமண் நிரப்பிச் சுட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் இங்கிலாந்து அரசரின் மூன்று சிங்கங்களும், அரசர் மூன்றாம் ஹென்றியின் தம்பி கார்ன்வால் ரிச்சர்டின் இரட்டைத் தலைக் கழுகும் தெரியும். எனக்குக் கிளீவில் மிகப் பிடித்தது இந்தத் தரைதான்.

மாடுகளை எங்கே கட்டினார்கள்? என் பையன் கேட்கிறான்.

துறவிகள் வலம்வந்த நடு முற்றமே பண்ணை முற்றமாகிவிட்டது என்று சொல்லுங்கள். நாலு பக்கமும் கட்டடம், நடுவில் திறந்தவெளி. கால்நடைக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

ஒரு பண்ணை வீட்டில் மடத்தின் மிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள். அடுத்து, அடைக்கப்பட்ட வளைவுகள். கரடுமுரடான சுவரின் நடுவே சீராகச் செதுக்கிய கல் ஒன்று தலைகாட்டினால், அது வேறெங்கிருந்தோ வந்தது. வேல்ஸில் வால்லே க்ரூசிஸ் மடத்தின் கிழக்குப் பகுதியும் பண்ணை வீடாக இருந்ததுதான். அங்கே மாடியில் கணப்பின் மேலே உத்தரமாக வைத்திருப்பது ஒரு கல்லறைப் பலகை! எழுத்தும் செதுக்கலும் இன்னும் இருக்கின்றன.

பிற்காலப் பண்ணைக் கட்டடங்களை அகற்றிவிட்டு மடத்தை மட்டும் காட்டினால் என்ன?

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேல்ஸின் ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடாவில், மடத்தின் சாப்பாட்டுக்கூடம் இருந்த இடத்திலேயே மைனக்லாக் வவுர் பண்ணை வீடு நிற்கிறது. அங்கே ஓர் அறக்கட்டளை வீட்டையும் தொழுவங்களையும் சேர்த்தே காப்பாற்றி வருகிறது. அதுதான் முறை. வீட்டை எடுத்துவிட்டால் மடம் மூடிய பிறகு அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் தடயமே போய்விடும்.

நாங்கள் இங்கிலாந்தில் வாங்கியது பழைய கல் வீடு. கல் இடுக்குகளை சிமெண்ட் வைத்துப் பூசலாம் என்கிறார் கொத்தனார்.

வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் சுவரின் ஈரம் வெளியேறும். சிமெண்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் வீடு இருந்தால், கை வைக்கும் முன் உள்ளூர் மன்றத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.