இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தடிமன்: பாமசியில் பாணி வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். கேட்ட உங்களுக்கு இது முதற்பிள்ளை போல. இரவிரவாக மூக்கடைப்பில் சிணுங்குகிறது, மாமி பக்கத்தில் நின்று "பாணியைக் குடு, படுத்திடும்" என்கிறார். சரிதானே? ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. மச்சாளின் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய பிரிட்டோன் (ஒவ்வாமைக்கான பாணி) போத்தலோடு மாமி வந்தார். நான் மறித்தேன். அது தடிமனை மாற்றாது, நித்திரையைத்தான் தரும். பிள்ளை அயர்ந்தால் சுகம் வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். "நாலு பிள்ளை வளர்த்த எனக்கு நீ படிப்பிக்கிறியோ?" என்று தொடங்கிய சண்டைக்குள், என் கணவர் பாமசிக்கு ஓடி இரண்டு போத்தல் வாங்கி வந்தார். காய்ச்சலுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று. லேபிளைப் பார்த்தால் இரண்டிலும் பரசிற்றமோல்! சேர்த்துப் பருக்கினால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கலாம். பிள்ளையின் நிறையைக்கூடக் கேட்காமல் விற்றிருக்கிறார்கள்.

மூக்குக்குச் சேலைன் துளி விட்டேன், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தேன். காய்ச்சல் அனத்தியபோது மட்டும் பரசிற்றமோல்: கிளினிக் கொப்பியில் இருந்த நிறைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். இருமலுக்குப் படுக்கமுன் அரைத் தேக்கரண்டி தேன். (ஒரு வயதுக்குக் கீழே தேனை நாக்கில் தடவவும் கூடாது.) ஒரு கிழமைக்குள் தானாக மாறியது. மாமி இன்றைக்கும் சொந்தக்காரரிடம் "படிச்ச திமிர்" என்றுதான் சொல்கிறார்.

"நீ என்ன டொக்டரோ?" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. டொக்டர் பார்த்து எழுதித் தந்தால் அது வேறு. ஆனால் அமெரிக்காவில் 2008 இலேயே இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தடிமன் மருந்துகள் வேண்டாம் என்று அரசு சொன்னது. அதே ஆண்டு கம்பனிகளே லேபிளில் நாலு வயதுக்குக் கீழே கொடுக்காதே என்று போட்டன. தடிமனுக்கு வீட்டில் அவிக்கிற மல்லித்தண்ணியை நான் பழிக்கவில்லை, நானும் குடிக்கிறேன்.

உங்கள் பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்செடுக்க நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ, ஒன்றும் குடிக்காவிட்டாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையால் மணல் டிப்பர் ஓடுகிற ஓட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு இருமல் நிற்கும்? புழுதியில் கொடியில் உடுப்புக் காயப்போட முடியவில்லை. முறைப்பாடு கொடுத்தோம். தண்ணீர் தெளிக்கச் சொல்கிறோம் என்றார்கள். தெளித்ததை இன்னும் ஒருவரும் காணவில்லை.